ஓட்டோ கியர் உதைக்கிறதா? கியர் பொக்ஸை இறக்க முன் பார்க்க வேண்டியவை

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான், சந்தைக்கு மரக்கறி கொண்டு போகும் வான், மீன் வாடியிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றும் டபிள் கப் என்று, எமது பகுதிகளில் ஒரு பழைய வாகனத்தை நம்பிச் சீவிக்கும் குடும்பங்கள் பல. குடும்பத்தலைவர் இல்லாத வீடுகளில் அந்த வாகனத்தின் கணக்கு வழக்கும் திருத்த வேலையும் பெண்ணின் தலையிலேயே விழுகின்றன. சில சகோதரிகள் தாமே ஓட்டுகின்றார்கள். சிலர் சாரதி ஒருவரை வைத்து ஓட்டுவிக்கின்றார்கள். எப்படியாயினும் கராஜில் காசைக் கொடுப்பவர் அவரே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே ஓடி ஓடித் தேய்ந்தன. அவற்றில் ஓட்டோ கியர் உள்ளவற்றில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, கியர் மாறும்போது உதைக்கிறது என்பதுதான். கராஜுக்குப் போனால், "அக்கா, கியர் பொக்ஸ் முடிஞ்சுது, இறக்கத்தான் வேணும்" என்று ஒரே பதில் வரும். சில வேளை அது உண்மை. பல வேளைகளில் இறக்காமலே தீரக்கூடிய வருத்தம் அது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம்.

ஓட்டோ கியர் பொக்ஸினுள்ளே கிளச் தட்டுகள் பல அடுக்குகளாக இருக்கின்றன. ஒயிலின் அமுக்கம் அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும்போது கியர் விழுகிறது. அமுக்கம் அளவாக இருந்தால் கதவை மெல்லச் சாத்தியது போல் விழும். கூடினால் அடித்துச் சாத்தியது போல் விழும். ஆகவே உதை என்பது பெரும்பாலும் அமுக்கம் கூடியதன் அடையாளம். தட்டுகள் தேய்ந்ததன் அடையாளம் வேறு: இயந்திரம் இரையும், வாகனம் இழுக்காது, கியர் வழுக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கராஜில் கதைப்பது இலகு.

முதலில் ஒரு நாள் ஓட்டத்தைக் கவனித்து, கொப்பியில் எழுதுங்கள். நிற்கும்போது லீவரை D அல்லது Rக்குப் போடுகையில் உதைக்கிறதா, ஓடும்போது கியர் மாறுகையில் உதைக்கிறதா? எல்லாக் கியருமா, ஒன்று மட்டுமா? காலைக் குளிரிலா, சூடேறிய பின்னரா? வேறு ஏதாவது திருத்த வேலை செய்த பிறகு தொடங்கியதா? கடைசிக் கேள்வியைச் சாரதியிடம் வற்புறுத்திக் கேளுங்கள். அரைவாசி விடை அதில் இருக்கும்.

அடுத்தது ஒயில். டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் கால் மணித்தியாலமாவது ஓடிச் சூடேறிய பின், சமதரையில் நிறுத்தி, ஹான்ட் பிறேக் இழுத்து, கால் பிறேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டு சென்று Pக்குத் திருப்பி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். வேறு கம்பனி வாகனங்களில் முறை மாறும். உங்கள் வாகனத்துக்குரியதைக் கேட்டறியுங்கள். கம்பியைத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் தடவுங்கள். செந்நிறமாக இருந்தால் நல்லது. கபில நிறமும் கருகிய மணமும் இருந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்தது போலிருந்தால் றேடியேற்றருக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்கின்றன; அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது. ஒயில் குறைந்தால் லீவரைப் போட்டுச் சற்றுத் தாமதித்துப் பின் தடாலென விழும். கூடுதலாக விட்டாலும் நுரைத்துக் கெடும். சாதாரண கியருக்கு விடும் தடித்த கியர் ஒயில் இதற்கு ஆகவே ஆகாது. போத்தலில் உள்ள பெயரைக் கையேட்டிலோ கம்பியிலோ உள்ள பெயருடன் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நிற்கையில் லீவரைப் போடும்போது மட்டும் உதைக்கிறதென்றால், கியர் பொக்ஸைக் குற்றம் சொல்ல முன் இயந்திரத்தின் வெறும் ஓட்டத்தைப் பாருங்கள். பழைய வான்களில் அது நிமிடத்துக்கு 700, 800 சுற்று அளவில் இருக்க வேண்டியது. யாரோ திருகி 1,000க்கு மேல் ஏற்றி விட்டிருந்தால் நல்ல கியர் பொக்ஸும் உதைக்கத்தான் செய்யும். இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர் மவுன்ற் வெடித்திருந்தாலும் அப்படியே. அக்சிலேற்றரை விட்டு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் "டக்" என்று சத்தம் வந்தால், புறொப்பெலர் சாப்டின் குறொஸ் தேய்ந்திருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சாப்டைக் கையால் இருபுறமும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழே எவரையும் போகவிட வேண்டாம், அவசரமென்று யார் சொன்னாலும்.

ஓடும்போது எல்லாக் கியருமே தாமதித்து, உதைத்து விழுகிறதென்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் கவனியாமல் விடப்படுவது இதுதான். கணினி இல்லாத பழைய டொயோட்டா ஓட்டோ கியர்களில், அக்சிலேற்றர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கியர் பொக்ஸுக்குச் சொல்வது ஒரு கேபிள். டீசல் வாகனத்தில் அது டீசல் பம்பின் கையிலிருந்து போகும். இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே உள்ள வான்களில் ஆசனத்தைத் தூக்கினால் தெரியும். கூட மிதித்தால் கேபிள் கூட இழுபடும், ஒயில் அமுக்கமும் கூடும். சுமையோடு ஏற்றம் ஏறும்போது தட்டுகள் வழுக்காமல் இறுக்கிப் பிடிக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால், மெல்ல ஓட்டினாலும் கியர் பொக்ஸ் முழுச் சுமை என்றே நினைக்கும். கடற்கரை உப்புக் காற்றில் துருப்பிடித்து, இழுபட்ட இடத்திலேயே சிக்கினாலும் அதே கதைதான். பம்ப் கழற்றிப் பூட்டிய பின்னர் உதை தொடங்கியதென்றால் முதற் சந்தேகம் இந்தக் கேபிள் மேல்தான் இருக்க வேண்டும். சோதிப்பது இலகு. இயந்திரத்தை நிறுத்தி, ஒருவர் அக்சிலேற்றரை அடிவரை மிதிக்க, மற்றவர் கேபிளின் நுனியைப் பார்க்க வேண்டும். உள் கம்பியில் ஒரு சிறிய உலோக மணி நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். இறப்பர் உறை உள்ள கேபிளில், முழுதாக மிதித்த நிலையில் உறையின் விளிம்புக்கும் மணிக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றர். மணி அதற்கு மேல் வெளியே வந்திருந்தால் கேபிள் இறுக்கம். உறைக்குள்ளேயே நின்றால் தளர்வு. இரண்டு நட்டுகளால் சரி செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உதை போகட்டும் என்று கேபிளை அளவுக்கு மேல் தளர்த்தி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாகனம் அன்றைக்குப் பட்டுப் போல் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அமுக்கம் குறைந்து தட்டுகள் வழுக்கி எரியும். உதைக்கிற கியர் பொக்ஸ் வருடக்கணக்கில் ஓடக்கூடும். வழுக்குகிற கியர் பொக்ஸுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆகவே "சொப்டாக்கித் தாறன்" என்பவரிடம் எந்த அளவில் வைத்தார் என்று கேளுங்கள்.

சில பழைய வாகனங்களில் கேபிளின் வேலையை வெற்றிட அமைப்பு ஒன்று செய்கிறது. கியர் பொக்ஸின் பக்கத்தில் வட்டமாக ஒரு தகரப் பெட்டியும் அதற்கு ஓர் இறப்பர்க் குழாயும் இருக்கும். குழாய் வெடித்தால் அமுக்கம் ஏறி உதைக்கும். குழாயைக் கழற்றும்போது அதனுள் செந்நிற ஒயில் இருந்தால் பெட்டியின் உள்ளிருக்கும் இறப்பர்ச் சவ்வு கிழிந்துவிட்டது. வெளியிலிருந்தே மாற்றலாம்.

கணினி உள்ள பிந்திய மொடல்களில் பிழை ஏற்பட்டால், பலவற்றில் கணினி தட்டுகளைக் காப்பாற்ற அமுக்கத்தை உச்சத்தில் விட்டுவிடும். டொயோட்டாவில் "O/D OFF" விளக்கு விட்டு விட்டு எரியும். அப்போது முதலில் பார்க்க வேண்டியவை பற்றரி முனை, ஏர்த் வயர், கியர் பொக்ஸுக்குப் போகும் பிளக் ஆகியவையே.

ஒரு கியர் மாற்றம் மட்டும், உதாரணமாக 1இலிருந்து 2, உதைத்து மற்றவை நன்றாக இருந்தால் பிழை உள்ளே, வால்வுத் தொகுதியிலோ அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங்கிலோ இருக்கலாம். இவற்றில் பலவற்றை, கீழ்த் தட்டைக் கழற்றி, கியர் பொக்ஸை இறக்காமலே பார்க்க முடியும்.

இறக்க வேண்டும் என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். அமுக்க மானி பூட்டிப் பார்த்தீர்களா? கீழ்த் தட்டைக் கழற்றினீர்களா? கழற்றும்போது நீங்களும் நில்லுங்கள். காந்தத்தில் மெல்லிய கரும் பசை சிறிது இருப்பது வழமை. மினுங்கும் உலோகச் சீவல்களும் கருகிய தட்டுத் துகள்களும் கிடந்தால் கராஜ்காரர் சொன்னது சரி, இறக்கத்தான் வேண்டும். பாவித்த வேறு கியர் பொக்ஸ் பூட்டுவதானால் றேடியேற்றருக்குப் போய் வரும் இரண்டு ஒயில் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய பொக்ஸின் உலோகத் தூள் அவற்றில் தங்கியிருக்கும்.