துறைமுகத்தை வித்துட்டாங்களா? – அம்பாந்தோட்டை சொல்லும் பாடம்

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு)

“இலங்கையில ஒரு துறைமுகத்தையே சீனாக்காரன் வாங்கிட்டானாம்ப்பா!” டீக்கடையில், டவுன் பஸ்ஸில், ஏன், நம்ம ஒர்க்‌ஷாப் வாசலில்கூட இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பேசுகிறவர் அடுத்த வார்த்தையாக, “கடன் கட்ட முடியலை, அதான் புடுங்கிக்கிட்டான்” என்று முடிப்பார். நண்பர்களே, இந்த இரண்டு வாக்கியத்திலும் பாதி உண்மை, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். எலவனாசூர்கோட்டையிலிருந்து எந்தக் கடலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் இந்த விஷயம் நமக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது.

துறைமுகம் என்றால் பஸ் ஸ்டாண்டு

முதலில் கப்பல் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம்ம ஊரிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியவர் என்ன செய்கிறார்? டவுன் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை போய் இறங்கி, அங்கே திருச்சியிலிருந்து வரும் சென்னை வண்டியில் ஏறுகிறார். ஏனென்றால் பெரிய வண்டி ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் நுழைந்து வராது.

கப்பலும் அப்படித்தான். இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் சுமார் 400 மீட்டர் நீளம். இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டிகள் வரை ஏற்றும். அந்தப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் வைத்தால் உளுந்தூர்பேட்டையில் ஆரம்பித்து சேலத்தையும் தாண்டிப் போகும்! அவ்வளவு பெரிய கப்பல் நிற்க சுமார் 16 மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். நம் நாட்டுத் துறைமுகங்களில் பலவற்றில் அந்த ஆழம் கிடையாது. அதனால் தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறும் பெட்டி, கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறது. நம்ம பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன எத்தனையோ பேர் தைத்த பனியனும் இந்த வழியாகப் போயிருக்கும்.

இப்படி மாற்றி ஏற்ற வேண்டிய இந்தியச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு பல ஆண்டுகளாக வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கையாளப்பட்டு வந்தது. கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் போர்ட் கிளாங் ஆகியவை முக்கியமானவை. அதிலும் கொழும்புக்குப் பெரும்பங்கு. ஆக, கொழும்பு என்பது நமக்கு உளுந்தூர்பேட்டை மாதிரி. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டை யார் நடத்துகிறார்கள் என்பது நமக்கு முக்கியமா இல்லையா? அதே கேள்விதான் இங்கேயும்.

அம்பாந்தோட்டையில் நடந்தது என்ன?

இலங்கையின் தென்கோடியில் இருக்கிறது அம்பாந்தோட்டை. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கப்பல் பாதை அதிலிருந்து சுமார் 10 கடல் மைல் தூரத்தில் போகிறது. இந்த இடத்தில் துறைமுகம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் சீனா சொல்லிக் கொடுத்ததல்ல. இலங்கைக்காரர்களின் பழைய ஆசை. 2003-லேயே ஒரு கனடா நிறுவனம் ஆய்வறிக்கை கொடுத்தது. பிறகு டென்மார்க் நிறுவனம் ஒன்றும் ஆராய்ந்தது. 2005-ல் அதிபரான மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டமும் அதுவே. முதலில் இந்தியாவிடம்தான் கேட்டோம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தியா முன்வரவில்லை. சீனா வந்தது.

சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி (எக்சிம் வங்கி) முதல் கட்டத்துக்குச் சுமார் 30.7 கோடி டாலர் கடன் கொடுத்தது. வட்டி 6.3 சதவீதம். அதாவது வட்டி மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர். கட்டியதும் சீன நிறுவனங்களே. 2008-ல் வேலை ஆரம்பித்து 2010 நவம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. பிறகு இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் பெரிய கடன்.

திறந்தாச்சு. கப்பல்? 2012-ஆம் ஆண்டு முழுவதும் வந்த கப்பல்கள் வெறும் 34. பக்கத்திலேயே கொழும்பு இருக்கும்போது எவன் அங்கே வருவான்? துறைமுகத்தில் வருமானம் இல்லை. ஆனால் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். கடன் வாங்கி போர்வெல் போட்டாச்சு, தண்ணி வரலை. தண்ணி வராவிட்டாலும் வட்டி வரும்!

ஒத்தியா, குத்தகையா, ஜப்தியா?

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். கடனுக்கு ஈடாகத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றால் அது ஜப்தி. பணத்தைக் கொடுத்து நிலத்தை அனுபவித்து, பணம் திரும்பி வந்ததும் நிலத்தை விட்டால் அது ஒத்தி. பணம் கொடுத்து குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நடத்திக்கொண்டால் குத்தகை. அம்பாந்தோட்டையில் நடந்தது மூன்றாவது.

2017 ஜூலை 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சைனா மெர்ச்சண்ட்ஸ் என்ற நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து, 70 சதவீதப் பங்கையும் துறைமுகத்தை 99 ஆண்டு நடத்தும் உரிமையையும் பெற்றது. மீதி 30 சதவீதம் இலங்கைத் துறைமுக அதிகார சபையிடம் இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் இன்றைக்கும் இலங்கை அரசுதான். ஆகவே “வித்துட்டாங்க” என்பது தப்பு.

“கடனுக்காகப் புடுங்கிக்கிட்டாங்க” என்பதும் முழுச் சரியில்லை. கடன் கொடுத்தது எக்சிம் வங்கி. குத்தகைக்கு எடுத்தது வேறொரு நிறுவனம் (இரண்டுமே சீன அரசுடையவை என்பதை மறக்க வேண்டாம்). வந்த 112 கோடி டாலரால் துறைமுகக் கடன் அடைபடவும் இல்லை. அந்தப் பணம் நாட்டின் டாலர் கையிருப்புக்குப் போனது. மற்ற கடன்களின் நெருக்கடியைச் சமாளிக்க உதவியது. துறைமுகக் கடன் அரசின் தலையில் அப்படியே நின்றது.

நம்ம பாஷையில் சொன்னால் இப்படி. ஒருத்தர் பேங்க் கடனில் போர் போட்டார். தண்ணி கம்மி. அதற்குள் நாலு பேரிடம் கைமாத்தும் வாங்கிவிட்டார். கடைசியில் பேங்க் மேனேஜரின் தம்பிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அந்தக் காசை வைத்து கைமாத்துக்காரர்களைச் சமாளித்தார். பேங்க் கடன் பாக்கி. நிலமும் கையில் இல்லை. இதை ஜப்தி என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தோஷமான சமாச்சாரம் என்றும் சொல்ல முடியாது.

99 ஆண்டு என்றால் 2116 வரை. நம்மில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம்.

அப்படியானால் இலங்கை ஏன் விழுந்தது?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. எல்லாமே சீனக் கடனால் என்று சொல்வது சுலபம். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இலங்கை அரசின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு எல்லாம் சேர்த்தால் சுமார் ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பன்னாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடன். அதற்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. போதாக்குறைக்கு 2019-ல் வரிகளைக் குறைத்தார்கள். கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது. டாலர் தீர்ந்தது, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் பால் பவுடருக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

2022 மார்ச்சிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கினார்கள். தமிழக அரசு 40,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப முடிவு செய்து, 2022 மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. இந்திய அரசு அந்த ஆண்டு சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. பக்கத்து வீட்டில் அடுப்பு அணைந்தால் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லியில் கோட்டு போட்டவர்கள் பேசுகிற பேச்சு மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தியாவின் கவலை

சரக்குக் கப்பல் நிற்கும் இடத்தில் போர்க்கப்பலும் நிற்க முடியும். இதுதான் கவலையின் வேர். 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல்கள் இரண்டு முறை கொழும்புக்கு வந்தன. நின்ற இடம், 35 ஆண்டு ஒப்பந்தத்தில் சீன நிறுவனம் 85 சதவீதப் பங்கோடு நடத்தும் முனையம். 2022 ஆகஸ்ட் 16-ல் ‘யுவான் வாங் 5’ என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கருவிகள் கொண்ட கப்பல் அது. இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை முதலில் தள்ளிப் போடச் சொல்லி, பிறகு அனுமதித்தது. 2024-ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டு தடை விதித்தது.

இது புதுக் கவலையும் அல்ல. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டபோது பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே, இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் திருகோணமலையையோ மற்றத் துறைமுகங்களையோ தரக்கூடாது என்று இருக்கிறது. சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே ஜூலை 29-ல்தான் அம்பாந்தோட்டை கையெழுத்தானது!

இந்தியா என்ன செய்கிறது?

சும்மா இருக்கவில்லை.

1. கொழும்பு: கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான், இலங்கை சேர்ந்து நடத்த 2019-ல் உடன்பாடு. இலங்கைத் துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்துப் போராடின. 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு அதைக் கைவிட்டது. பதிலுக்கு மேற்கு முனையம் வந்தது. அதானி நிறுவனம் 51, இலங்கையின் ஜான் கீல்ஸ் 34, துறைமுக அதிகார சபை 15 சதவீதம். 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது.

2. திருகோணமலை: வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தொட்டிகள் கூட்டு நிறுவனத்துக்கு (இலங்கைக்கு 51, இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்துக்கு 49 சதவீதம்). 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைக்கு.

3. காங்கேசன்துறை: யாழ்ப்பாணத் துறைமுகத்தைப் புதுப்பிக்க 6.15 கோடி டாலர். கடனாக இல்லை, மானியமாக. நாகப்பட்டினத்திலிருந்து அங்கே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது.

4. சாபஹார்: ஈரானில் ஒரு முனையத்தைப் பத்தாண்டு நடத்த 2024 மே 13-ல் ஒப்பந்தம். பாகிஸ்தான் வழியே போகாமல் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போக வழி. ஆனால் 2025 செப்டம்பரில் அமெரிக்கா தன் தடைவிலக்கைத் திரும்பப் பெற்று, பிறகு ஆறு மாதத்துக்கு மட்டும் விலக்கு தந்தது. வெளிநாட்டில் துறைமுகம் நடத்துவதில் உள்ள ஆபத்து இதுதான். பணம் நம்முடையது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது நம் கையில் இல்லை.

5. விழிஞ்ஞம்: கேரளத்தில் இயற்கையாகவே ஆழமான துறைமுகம். 2025 மே 2-ல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்பில் மாற்றும் வேலையை நம் மண்ணிலேயே செய்யலாம் என்ற முயற்சி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கொழும்புத் தொழிலாளிகள் கொடி பிடித்தது சீனாவுக்கு எதிராக அல்ல, நமக்கு எதிராக! அவர்கள் கண்ணுக்கு நாமும் பெரிய அண்டை நாடு. நம் கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனி. சீனா செய்தால் ஆக்கிரமிப்பு, நாம் செய்தால் நட்பு என்று பேசுவது நியாயமாகாது. தராசு ஒன்றாக இருக்க வேண்டும்.

தமிழனுக்கு இது புதுக்கதையா? 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது எந்த வழிக்கு? தூத்துக்குடி – கொழும்பு வழிக்குத்தான்! வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது; 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள்; கம்பெனி நொடித்தது. கடல் வழி யார் கையில் என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

“இதெல்லாம் மந்திரி லெவல் சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்கு?” என்று கேட்கலாம். மாடூர் டோல்கேட்டில் நம்ம ஊர் வண்டி கட்டணம் கட்டுகிறதே, அது எந்தக் கணக்கு? தனியார் கட்டி, சில காலம் நடத்தி, வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் பி.ஓ.டி. முறையில் வந்த ரோடு அது. கொழும்பு முனையங்களும் அதே முறைதான். கடலில் இருந்தால் என்ன, கரையில் இருந்தால் என்ன, பத்திரம் ஒன்றுதான். எனவே எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் நான்கு கேள்வி கேட்போம்.

ஒன்று: பணம் யாருடையது, வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டு?
இரண்டு: கட்டிய பிறகு வண்டியோ கப்பலோ உண்மையில் வருமா? கணக்கு போட்டது யார்?
மூன்று: வேலை யாருக்கு? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்?
நான்கு: கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை யார் கையில்?

அம்பாந்தோட்டையில் இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் இருந்திருந்தால் மற்ற மூன்றும் இவ்வளவு கடித்திருக்காது. அங்கே கான்கிரீட் கெட்டுப்போகவில்லை. டிசைன் இடிந்து விழவில்லை. துறைமுகம் நன்றாகத்தான் நிற்கிறது. இன்றைக்குக் கார்களைக் கப்பல் மாற்றி ஏற்றும் வேலையும் அங்கே நடக்கிறது. கெட்டது எஸ்டிமேட். சர்வேயும் எஸ்டிமேட்டும் படிக்கிற நமக்கு இதில் பாடம் இல்லையென்றால் வேறு யாருக்கு?

எங்கள் வீட்டில் கடன் பத்திரத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். உங்களிலும் பலர் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். அப்பா காலத்தில் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். நாளைக்கு நாம் சைட் இன்ஜினியராகவோ, ஓவர்சியராகவோ, வெளிநாட்டில் ஒரு துறைமுக வேலையிலோ நிற்கப் போகிறோம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களாக இருக்க வேண்டாம் தோழர்களே. முழுப் பத்திரத்தையும், கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து உட்பட, வாசித்துவிட்டுப் போடுவோம்.