அலுவலகத் தொலைபேசி இணைப்பகங்களின் இணையவழி இணைப்பு

அலுவலகத் தொலைபேசி இணைப்பகங்களின் இணையவழி இணைப்பு என்பது, ஒரு நிறுவனம் பல ஊர்களில் வைத்திருக்கும் தொலைபேசி இணைப்பகங்களையும், வீட்டிலிருந்து பணிபுரிவோரின் கருவிகளையும் இணையம் வழியாக ஒரே உள்தொலைபேசி வலையமைப்பாக ஆக்கும் முறை ஆகும். ஊழியர் எங்கிருந்தாலும் தம் அலுவலக எக்ஸ்டென்ஷன் எண்ணிலேயே பேச இது உதவுகின்றது. இந்தியாவில் இவ்வமைப்பின் வடிவத்தைத் தொழில்நுட்பம் மட்டுமன்றி, அழைப்பு எவ்விடத்தில் பொதுத் தொலைபேசி வலையமைப்பைச் சேர்கின்றது என்பது பற்றிய விதிகளும் தீர்மானிக்கின்றன.

தேவை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல், காலணித் தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இம்மூன்றும் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தன. இத்தொழிலில் தொழிற்சாலை ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இருக்க, ஏற்றுமதி அலுவலகம் சென்னையில் அமைவதுண்டு. வாங்குவோர் பலர் ஐரோப்பாவில் உள்ளனர். குளிர்காலத்தில் ஜெர்மனியில் மாலை 5 மணி ஆகும்போது ஆம்பூரில் இரவு 9.30 ஆகிவிடும். அந்நேரத்தில் வரும் அழைப்பை ஏற்க வேண்டிய ஊழியர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார்.

செயற்படும் முறை

இ.பி.ஏ.பி.எக்ஸ் எனப்படும் அலுவலக இணைப்பகம், சில வெளித் தொலைபேசி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. இணையவழி இணைப்பில் மூன்று கூறுகள் உள்ளன:

1. சிப் நெறிமுறை: அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படுவது. இதன் முதல் வரையறை 1999இலும், திருத்திய வரையறை 2002இலும் வெளிவந்தன.
2. ஆர்.டி.பி நெறிமுறை: குரலைச் சிறு பொதிகளாக எடுத்துச் செல்வது.
3. நுழைவாயில்: பழைய கம்பிவழி இணைப்பகத்தை இணையத்துடன் பொருத்தும் கருவி.

சென்னை அலுவலகத்துக்கு 200 முதலும், ஆம்பூர் தொழிற்சாலைக்கு 400 முதலும் எண்கள் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். சென்னையில் 412 என அழுத்தினால், அங்குள்ள இணைப்பகம் அதனை ஆம்பூர் இணைப்பகத்துக்கு அனுப்பும். 412க்கு உரியவரின் திறன்பேசியிலுள்ள மென்பொருள் ஆம்பூர் இணைப்பகத்தில் பதிவு செய்திருந்தால், அழைப்பு அவர் வீட்டில் ஒலிக்கும்.

ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குக் குரல் மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் ஆகும். பொதித் தலைப்புகளையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் தேவை. ஜி.729 முறையில் இது சுமார் 31 கிலோபிட்டாகக் குறையும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் பொதுவாகத் தடையின்றி நிகழும்.

சட்ட நிலை

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் வரையறைகளுடன் அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேச அப்போது அனுமதி இருக்கவில்லை. 2018இல் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணையத் தொலைபேசியைப் பொதுத் தொலைபேசியுடன் இணைத்து வழங்க வழி தெளிவாக்கப்பட்டது.

ஒரே நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன்களுக்கு இடையிலான உள்ளழைப்பு ஏற்கப்பட்டது. ஆனால் சென்னையின் 044 இணைப்பில் வந்த அழைப்பை நிறுவனமே இணையம் வழியாக ஆம்பூருக்குக் கொண்டுசென்று, அங்குள்ள 04174 இணைப்பின் வழியே வெளியாளுக்குச் சேர்ப்பது கட்டணத் தவிர்ப்பு எனப்படும் மீறலாகும். அது உரிமம் பெற்ற நெடுந்தொலைவுச் சேவையைப் புறக்கணிக்கின்றது. இதனைத் தடுக்க, வெளி இணைப்பையும் இணைய இணைப்பையும் ஒன்று சேரவிடாத பிரிப்பு வசதி சில இணைப்பகங்களில் உள்ளது.

அழைப்பு மையங்களுக்கெனத் தனி விதிகள் இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனா பரவலின்போது வீட்டிலிருந்து பணிபுரிவதற்கான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 2020 நவம்பர், 2021 ஜூன் மாத வழிகாட்டுதல்கள் இத்தளர்வை நிலைப்படுத்தின. வீட்டிலுள்ள முகவர் அகலப்பட்டை வழியாக மைய இணைப்பகத்துடன் சேரலாம் என்பது இவற்றால் உறுதியாயிற்று.

குறைபாடுகளும் பாதுகாப்பும்

எளிய கடவுச்சொல் கொண்ட எக்ஸ்டென்ஷனைக் கைப்பற்றுவோர் அதன்வழி வெளிநாட்டு எண்களுக்கு அழைத்து, நிறுவனத்தின் மீது பெருந்தொகையைச் சுமத்த இயலும். ஆகவே வலுவான கடவுச்சொல், மறையாக்கப்பட்ட தனி வலையமைப்பு, தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களில் ஐ.எஸ்.டி தடை ஆகியவை இன்றியமையாதன.

மின்வெட்டின்போது மோடமும் இணைப்பகமும் இயங்க மாற்று மின்வசதி தேவை. மேலும், ஆம்பூரில் வீட்டிலிருப்பவர் சென்னை இணைப்பகம் வழியாக 112ஐ அழைத்தால், அழைப்பின் இடமாகச் சென்னை அலுவலகமே தோன்றக்கூடும். எனவே அவசர அழைப்புகளைக் கைப்பேசியின் சொந்த இணைப்பில் செய்வதே பாதுகாப்பானது.