தண்டவாளத்தைக் கடக்க வேண்டிய பாடங்கள்

மும்பையின் மத்திய ரயில் பாதை, மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் இடையே, இரு வேறு வாழ்க்கைகளைப் பிரித்துக்கொண்டு செல்கிறது. கிழக்கே மரங்கள் குடை விரித்த மாட்டுங்கா வீதிகள். மேற்கே தாராவியைச் சேர்ந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்: நெருங்கிய சந்துகள், ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த சிறு வீடுகள், தகரக் கூரைகள். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இப்பகுதியில் வாழ்கின்றனர். இருபுறமும் பெய்வது ஒரே மழை. அடிப்பது ஒரே வெயில். ஆயினும் மே மாத நண்பகலில் மரநிழலில் நிற்பவரும் தகரத்தின் கீழ் அமர்ந்து தைப்பவரும் உணரும் வெப்பம் ஒன்றன்று.

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகளை உலக நகரங்கள் இன்று ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்று வருகின்றன. மும்பையும் அவ்வாறே பல பாடங்களைப் பெற்றுள்ளது. கடல் கடந்து வந்த அப்பாடங்கள் இந்தத் தண்டவாளத்தையும் கடக்கின்றனவா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது.

வெள்ளம் கற்பித்தது

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே. தாராவியை ஒட்டி ஓடி மாஹிம் முகத்துவாரத்தில் கலக்கும் மிட்டி ஆறு கரை புரண்டது. நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவிலேயே அமைந்திருந்தன. ஒரே நகருக்குள் மழை இத்தனை மாறுபடுமாயின் ஓரிரு மழைமானிகளை நம்பியிருக்க இயலாது என்பது அன்று விளங்கியது. பின்னர் நகரெங்கும் தானியங்கி வானிலை நிலையங்கள் நிறுவப்பட்டன.

அதே ஆண்டு அக்டோபரில், லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் உலகப் பெருநகரங்கள் சிலவற்றின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். அச்சந்திப்பிலிருந்து வளர்ந்ததே இன்று நூறு நகரங்கள் வரை இணைந்துள்ள ‘சி40’ கூட்டமைப்பு. மும்பை அதில் 2020 டிசம்பரில் சேர்ந்தது. 2022 மார்ச்சில் தனது பருவநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதென இலக்கு வகுத்தது. சென்னையும் 2023 ஜூனில் தனக்கெனத் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

சென்னை தந்த முன்னறிவிப்பு

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், மழை, ஆற்று நீர்மட்டம், கடலின் ஏற்றவற்றம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை ஒருங்கே கணக்கிட்டு, எங்கே நீர் தேங்கும் என முன்கூட்டியே சொல்லும் அமைப்பு முதலில் சென்னைக்கென உருவாக்கப்பட்டது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் அந்த அனுபவத்தைக் கொண்டு, 2020 ஜூனில் ‘ஐஃப்ளோஸ்’ என்னும் அமைப்பை மும்பைக்கு வழங்கியது. 6 முதல் 72 மணி நேரம் முன்னதாக எச்சரிக்கை தருவது அதன் நோக்கம்.

ஆறு மணி நேரம் என்பது சிறிய கால அளவன்று. லேபர் கேம்ப் போன்ற இடத்தில் தரைத்தளத்தில் சிறு பட்டறை நடத்துபவர் தோல் கட்டுகளையும் துணிப் பொதிகளையும் பரணுக்கு ஏற்றிவிட அது போதும். ஆனால் எச்சரிக்கை அவருக்குப் புரியும் மொழியில், அவர் கைப்பேசிக்கு, உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். சென்னையிலிருந்து மும்பைக்கு வந்த பாடம் அப்போதுதான் பயன் தரும்.

அகமதாபாத்தின் வெயில் பாடம்

2010 மே மாதத்தில் அகமதாபாத்தின் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் விளைவாக, 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்நகரம் வகுத்தது. வெப்பநிலைக்கேற்ற வண்ண எச்சரிக்கை, மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, பொது இடங்களில் குடிநீர், எளியோர் வீட்டுக் கூரைகளில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு என அத்திட்டம் எளிய செயல்களால் ஆனது. பின்னர் நாட்டின் பல நகரங்கள் அதைத் தமக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன.

வெண்பூச்சு நம்மவர்க்குப் புதிதன்று. மெத்தை வீட்டின் தளத்திற்குச் சுண்ணாம்பு அடித்து வெயிலைத் தணித்தவர்கள் நம் முன்னோர். பூர்விக ஊரில் அறிந்திருந்த அறிவை, நெருக்கடியான பெருநகரத் தகரக் கூரைக்கு மீண்டும் கொண்டுவருவதும் கற்றலே.

ஆஸ்லோவின் கணக்கேடு

திட்டம் எழுதுவது ஒன்று. அதற்குப் பணம் ஒதுக்குவது மற்றொன்று. நார்வேயின் ஆஸ்லோ நகரம், தனது 2017-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே ‘பருவநிலை பட்ஜெட்’ ஒன்றை இணைத்து வழிகாட்டியது. எந்தத் துறை எவ்வளவு உமிழ்வைக் குறைக்கும் என்பது பணக்கணக்கைப் போலவே அதில் எழுதப்பட்டது. மும்பை மாநகராட்சி 2024 ஜூனில் இம்முறையைப் பின்பற்றி, இந்திய நகரங்களுள் முதன்முதலாகப் பருவநிலை பட்ஜெட் அறிக்கையை வெளியிட்டது. 2024-25-ஆம் ஆண்டின் மூலதன ஒதுக்கீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,224 கோடி ரூபாய், பருவநிலை தொடர்பான பணிகளுக்கென அடையாளம் காணப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஆஸ்லோவின் முதன்மைக் கவலை உமிழ்வு. மும்பையின் அன்றாடக் கவலை வெள்ளமும் வெப்பமும். ஆகவே மும்பை, பாதிப்பைத் தாங்கும் பணிகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அப்படியே நகல் எடுப்பது கற்றலாகாது. தன் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்வதே கற்றல்.

நிதி திரட்டுவதிலும் இவ்வாறே. 2021-இல் காஜியாபாத் மாநகராட்சி 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. 2023-இல் இந்தூர் அதைப் பொதுமக்களும் வாங்கும் வகையில் வெளியிட்டு, சூரிய மின் நிலையத்திற்காக 244 கோடி ரூபாய் திரட்டியது. சேமிப்பாளரும் தம் நகரின் பருவநிலைப் பணியில் பங்குபெற இவ்வழி திறந்தது.

கற்பிக்கும் இடமும் இதுவே

தாராவியைக் கற்க வேண்டிய இடமாக மட்டும் பார்ப்பது சரியன்று. நகரம் எறியும் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மறுபயனுக்குக் கொண்டுவரும் தொழில் இங்கு நெடுங்காலமாக நடைபெறுகிறது. அருகே மிட்டி ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த நிலம் இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக, பறவைகள் கூடும் சிறு காடாக விளங்குகிறது. குப்பைமேட்டிலும் மரம் வளர்க்கலாம் எனில், லேபர் கேம்ப்பின் சந்துகளுக்கும் நிழல் கிட்டச் செய்வது இயலாத செயலன்று. மறுசீரமைப்பு பற்றிப் பேசப்படும் இவ்வேளையில், புதிய வீடுகளுக்குக் காற்றும் நிழலும் வடிகாலும் எவ்வாறு அமையும் என்பதே அங்கு வாழ்வோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நாம் செய்யத்தக்கவை

- மழைக்காலத்திற்கு முன்பே அடையாள ஆவணங்களை டிஜிலாக்கரில் சேமித்து, மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் உயரத்தில் வைக்கலாம்.
- 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கியது. சிறு பட்டறைகளுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ உண்டு. தகுதியையும் நிபந்தனைகளையும் கேட்டறிந்து தேர்ந்துகொள்க.
- கோடைக்கு முன் கூரைக்கு வெண்பூச்சு அடிப்பது குறைந்த செலவில் வீட்டின் வெப்பத்தைத் தணிக்கும்.
- மாநகராட்சியின் பருவநிலை ஒதுக்கீட்டில் தம் வார்டுக்குரிய பணி எது என்று கேட்பது ஒவ்வொரு குடிமகனின் உரிமை.

ஆஸ்லோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பாடம் வர வழி பிறந்துவிட்டது. எஞ்சியிருப்பது வார்டு அலுவலகத்திலிருந்து லேபர் கேம்ப் சந்து வரையிலான சிறு தொலைவே. அத்தொலைவு கடக்கப்பட்டதா என்பதை இனிவரும் ஒவ்வொரு மழையும் கோடையும் நமக்குச் சொல்லும்.