எழுதச் சொல்லிக் கேட்ட ஐவர்

உலக மேடை – 17

ஹைடன் எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட்டுகள் 68. மொசார்ட் 23. பீத்தோவன் 16. சரி, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என்ற ஐந்தும் சேர்ந்து வாசிக்கும் விண்ட் குவின்டெட்டுக்கு இந்த மூன்று மகான்களும் எத்தனை எழுதினார்கள்? ஒன்றுகூட இல்லை. பியானோவோடு நான்கு ஊதுகருவிகளைச் சேர்த்து மொசார்ட்டும் பீத்தோவனும் ஆளுக்கொன்று எழுதினார்கள், அதோடு சரி.

சென்ற வாரம் நாம் பார்த்த க்ரோனோஸ் குவார்டெட், பரம்பரைச் சொத்து குவிந்து கிடக்கும் வீட்டுப் பிள்ளை. இருப்பதை வாசித்தே காலம் தள்ளலாம். இருந்தும் 1973-லிருந்து ஆயிரத்துக்கும் மேல் புது உருப்படிகளை எழுதச் சொல்லி வாங்கினார்கள் என்றால், அது அவர்களுடைய ருசி. ஊதுகருவிக்காரர்களின் நிலைமை வேறு. புதிதாக எழுதச் சொல்லிக் கேட்காவிட்டால் நாலு கச்சேரிக்கு மேல் தாங்காது. இந்த வாரம் நியூயார்க்கின் இமானி விண்ட்ஸ். அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை.

பீத்தோவன் பிறந்த அதே 1770-இல் பிறந்தவர் ஆன்டன் ரைகா. இருவரும் பான் நகரத்தில் ஒன்றாகப் பழகியவர்கள். ரைகா பின்னால் பாரிஸுக்குப் போய், 1810-களில் அங்கிருந்த தேர்ந்த ஐந்து வாத்தியக்காரர்களுக்காக 24 குவின்டெட்டுகள் எழுதினார். இந்த ஐந்து கருவிகளின் கூட்டணி நிலைபெற்றது அவரால்தான். ஆனால் ரைகாவை இன்று வாத்தியக்காரர்கள் அன்போடு வாசிக்கிறார்கள், ரசிகர்கள் மரியாதையோடு கேட்கிறார்கள் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அவருக்குப் பிறகு நூறு வருஷம் ஏறக்குறைய வறட்சி.

அந்த வறட்சி முடிந்தது ஒரு டெலிபோன் பேச்சால். 1921 இலையுதிர் காலத்தில் டென்மார்க்கின் கார்ல் நீல்சன், தெரிந்த பியானோ கலைஞர் ஒருவருக்குப் போன் செய்கிறார். மறுமுனையில், பின்னணியில், மொசார்ட் கேட்கிறது. கோபன்ஹேகன் விண்ட் குவின்டெட்டின் ஆட்கள் அங்கே ஒத்திகையில் இருந்தார்கள். நீல்சன் நேரே கிளம்பிப் போய் உட்கார்ந்து கேட்டார். அடுத்த ஆண்டே அவருடைய விண்ட் குவின்டெட் தயார். கருவிகளுக்கு மட்டுமல்ல, அந்த ஐந்து பேரின் சுபாவத்துக்கும் சேர்த்து எழுதிய இசை அது. அத்தோடு திருப்திப்படாமல், ஐவருக்கும் ஆளுக்கொரு கான்செர்டோ எழுதித் தருகிறேன் என்றார். 1926-இல் புல்லாங்குழலுக்கும் 1928-இல் கிளாரினெட்டுக்கும் முடித்தார். 1931-இல் காலமானார். மற்ற மூவருக்கும் கிடைக்கவில்லை. ஓபோக்காரர்கள் இதைச் சொல்லி இன்றைக்கும் பெருமூச்சு விடுவதுண்டு.

இன்னொரு கதை அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். 1953-இல் அந்த ஊர் சேம்பர் மியூசிக் சங்கம், சாமுவேல் பார்பரிடம் ஓர் உருப்படி எழுதச் சொன்னது. பணம் பெரிய தனவான் எவரும் கொடுத்ததல்ல. ரசிகர்களிடமே சிறுசிறு தொகையாகத் திரட்டியது. பார்பர் என்ன செய்தார் என்றால், நியூயார்க் வுட்விண்ட் குவின்டெட்டின் ஒத்திகைகளில் போய் உட்கார்ந்தார். எந்தச் சேர்க்கை ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார். 1956 மார்ச்சில் அரங்கேறிய அந்த ‘சம்மர் மியூசிக்’ இன்று உலகத்தில் எந்த விண்ட் குவின்டெட்டும் தவிர்க்க முடியாத உருப்படி.

ஒத்திகையில் போய் உட்கார வேண்டிய அவசியம் என்ன? வயலின், வயோலா, செல்லோ மூன்றும் ஒரே குடும்பம். ஒலி ஒன்றோடொன்று கரைந்துவிடும். விண்ட் குவின்டெட்டில் ஒலி பிறக்கும் விதமே நான்கு. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் காற்று மோதிப் பிளக்கிறது. கிளாரினெட்டில் ஒற்றை ரீட். ஓபோவிலும் பசூனிலும் இரட்டை ரீட், நம் நாதஸ்வரச் சீவாளியின் தூரத்துச் சொந்தம். ஹார்ன் பித்தளை, அதில் அதிர்வது வாசிப்பவரின் உதடுதான். ஒரே ஸ்வரத்தை ஐவரும் பிடித்தால் ஐந்து விதமாகக் கேட்கும். இதைக் குறை என்று நினைக்கும் இசையமைப்பாளர் தோற்பார்.

அடுத்தது மூச்சு. வயலின்காரர் வில்லைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டே போகலாம். ஊதுபவர் எங்காவது மூச்சு வாங்கியாக வேண்டும். அதிலும் ஆளுக்கொரு பிரச்சினை. புல்லாங்குழல் காற்றைக் குடித்துத் தீர்க்கும். ஓபோவில் நேர் எதிர். ரீட்டின் இடுக்கு அவ்வளவு சின்னது. காற்று உள்ளே போகாமல் நெஞ்சில் தேங்கிவிடும். வாக்கியம் முடிந்ததும் ஓபோக்காரர் முதலில் பழைய காற்றை வெளியே விட்டு, அப்புறம்தான் புதுக்காற்றை இழுக்க முடியும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு முறை மூச்சு வாங்குவது மாதிரித் தெரியும். ஹார்ன்காரருக்கு உச்சஸ்தாயியில் நாலு பக்கம் தொடர்ந்து எழுதினால் ஐந்தாம் பக்கத்தில் உதடு ஒத்துழைக்காது. பசூன்காரரின் இடது கட்டைவிரல் ஒன்றே எட்டு, ஒன்பது சாவிகளைக் கவனித்துக்கொள்கிறது. அந்த விரலைத் தெரியாமல் எழுதினால் காகிதத்தில் எளிதாகத் தெரியும் வரி கையில் சிக்கிக்கொள்ளும்.

ரீட் விஷயம் இன்னும் பாடு. தொழில்முறை ஓபோக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் ரீட்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். தெற்கு பிரான்ஸில் விளையும் நாணல் தட்டையை வாங்கிச் செதுக்கி, மடித்து, நூலால் கட்டி, நுனியை மயிரிழை கனத்துக்குச் சுரண்ட வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, கருவியில் செருகாமல் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். காக்கை கரைவது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் திருப்தி இல்லையென்றால் மறுபடி கத்தி. இத்தனை உழைப்பில் பிறந்த ரீட் சில நாளில் தளர்ந்துவிடும். சீவாளியைக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் நம் நாதஸ்வரக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி இமானி. 1997, நியூயார்க். வலேரி கோல்மன் என்ற கறுப்பினப் புல்லாங்குழல் கலைஞருக்கு ஒரு கேள்வி. ஆர்கெஸ்ட்ராக்களில் தன்னைப் போன்ற முகங்கள் ஏன் இல்லை? அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் சங்கம் 2016-இல் வெளியிட்ட கணக்கிலேயே கறுப்பின வாத்தியக்காரர்கள் 2 சதவீதத்தைத் தொடவில்லை என்றால், 1997 பற்றிக் கேட்கவே வேண்டாம். கோல்மன் குழுவின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஆட்களைத் தேடினார். ‘இமானி’ என்றால் ஸ்வாஹிலியில் நம்பிக்கை. ஓபோவுக்கு டோயின் ஸ்பெல்மன்-டியாஸ், கிளாரினெட்டுக்கு மரியம் ஆடம், ஹார்னுக்கு ஜெஃப் ஸ்காட், பசூனுக்கு மோனிக்கா எல்லிஸ். கறுப்பின, லத்தீன் வம்சாவளிப் பிள்ளைகள்.

இவர்களுக்குப் பஞ்சம் இரட்டைப் பஞ்சம். குவின்டெட்டுக்கு எழுதப்பட்டதே கொஞ்சம். அதில் தங்கள் ஜனங்களின் இசை இன்னும் கொஞ்சம். ஆகவே முதலில் சொந்தக் கையால் எழுதிக்கொண்டார்கள். கோல்மன் பெண்கள் பாடுவதற்கென்று எழுதி வைத்திருந்த ‘உமோஜா’வைக் குவின்டெட்டாக மாற்றினார். 2002-இல் சேம்பர் மியூசிக் அமெரிக்கா என்ற அமைப்பு, அமெரிக்காவின் சிறந்த 101 குழு உருப்படிகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது அதில் இதுவும் இருந்தது. 2019-இல் பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா, இதையே முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதச் சொல்லி அரங்கேற்றியது. உயிரோடிருக்கும் ஓர் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் எழுதிய செவ்வியல் இசையை அந்த ஆர்கெஸ்ட்ரா வாசித்தது அதுவே முதல் தடவை. ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது 1900-இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியாரிடம் கேட்கப் போனபோது இமானி போன திசைதான் எனக்குப் பிடித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கதவைத் தட்டுவதுதான் வழக்கம். இவர்கள் ஜாஸ்காரர்களிடம் போனார்கள். மைல்ஸ் டேவிஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்த வேய்ன் ஷார்ட்டர், எழுபது தாண்டிய வயதில், 2006-இல், இவர்களுக்காக ‘டெர்ரா இன்காக்னிடா’ எழுதினார். அந்த உறவு அங்கே முடியவில்லை. 2013-இல் வந்த ஷார்ட்டரின் ‘வித்தவுட் எ நெட்’ ஆல்பத்தில் ‘பெகாசஸ்’ என்று இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் உருப்படி. அவருடைய நால்வர் குழுவோடு இமானியும் சேர்ந்து வாசிக்கிறது. ஜாஸ் குழு பாய்ந்து போகும்போது ஊதுகருவி ஐவர் பின்தங்காமல் கூடவே ஓடுவதை அதில் கேட்கலாம்.

பத்தாண்டு நிறைவை ஒட்டி, ‘லெகசி கமிஷனிங் ப்ராஜெக்ட்’ என்று ஒரு திட்டமே போட்டார்கள். அதில் 2008-இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஜேசன் மோரன் எழுதியது ‘கேன்’. லூசியானா மாநிலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற மாரி தெரேஸ் என்ற பெண்மணி மோரனின் மூதாதை. கேன் நதிக்கரையில் வாழ்ந்த அவரிலிருந்து நியூயார்க்கில் இருக்கும் தான் வரைக்கும் குடும்பக் கதையை ஐந்து ஊதுகருவிகளில் சொல்கிறார். எல்லாமே முத்து என்று சொல்ல மாட்டேன். இந்த வகையில் வாங்கிய சில உருப்படிகளில் தாளம் மட்டும் தூக்கலாக நின்று மற்றதெல்லாம் மெலிந்து போகிறது. பத்தில் மூன்று நிலைத்தாலே பெரிது. ரைகாவின் 24-இல் எத்தனை நிலைத்தன?

எழுதச் சொல்வது என்றால் சும்மா இல்லை. எத்தனை நிமிஷம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு சன்மானம், முதல் எத்தனை காலம் வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தம். சன்மானத்தை அறக்கட்டளைகளிடம் கேட்கலாம். அல்லது நாலைந்து அரங்குகள் கூட்டுச் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றிலும் அந்த உருப்படி ஒரு முறை மேடையேறும். புது இசையின் பெரிய வியாதி, அரங்கேற்றத்தோடு அது செத்துப்போவது. முதல் கச்சேரிக்குப் பத்திரிகைகள் வரும். இரண்டாம் கச்சேரிக்கு ஆள் கிடையாது. ஊர் ஊராகப் போகும் குழு கையில் எடுத்தால்தான் அந்த இசைக்கு இரண்டாம் தடவை, பத்தாம் தடவை கிடைக்கும். அச்சிட்டு விற்றால் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கி வாசிப்பார்கள். ‘உமோஜா’ அப்படித்தான் பரவியது.

2021-இல் வந்த இமானியின் ‘ப்ரூயி’ ஆல்பத்தில் நமக்கு நெருக்கமான இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. தலைப்பு உருப்படியை எழுதியவர் விஜய் ஐயர். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1971-இல் பிறந்தவர், ஜாஸ் பியானோ கலைஞர், ஹார்வர்டில் பேராசிரியர். அடைபட்ட ரத்தக்குழாய் வழியே ரத்தம் திமிறிக்கொண்டு ஓடும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சலுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயரைத் தலைப்பாக வைத்தார். 2012 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன், கையில் ஆயுதம் எதுவும் இல்லாத நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் 2013-இல் விடுதலையானார். அதன் கொதிப்பில் பிறந்த இசை இது. ஐந்து ஊதுகருவியோடு பியானோவும் உண்டு. துக்கத்தை நீட்டி அழும் இசையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். துடிப்பு, தடை, மறுபடி துடிப்பு என்று மேலும் மேலும் நெருக்கிக்கொண்டே போகிறது. மூச்சால் மட்டுமே வாசிக்கிற ஐந்து பேரிடம் இந்தப் பொருளைக் கொடுத்ததில் ஐயரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இரண்டாவது, ரீனா எஸ்மெயிலின் ‘தி லைட் இஸ் த சேம்’. இந்திய வம்சாவளி, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, இந்தியாவுக்கு வந்து ஹிந்துஸ்தானி கற்றவர். இந்த உருப்படிக்கு அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு ராகங்கள்: வாசஸ்பதி, யமன். வாசஸ்பதி நம்முடைய 64-ஆவது மேளகர்த்தா. ஹிந்துஸ்தானிக்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்டது. யமன் ஏறக்குறைய நம் கல்யாணி, 65-ஆவது. அடுத்தடுத்த வீடு. ரி, க, ம, ப, த எல்லாம் அதேதான். நிஷாதம் ஒன்று மட்டும் கைசிகியிலிருந்து காகலிக்கு மாறுகிறது. அந்த ஒரு ஸ்வரத்தில் ஒன்று கனத்துக் கிடக்கிறது, மற்றது துள்ளுகிறது. அமெரிக்க ரசிகர் இதை நிறமாற்றம் என்று கேட்பார். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர் நிஷாதத்தையே துரத்திக்கொண்டு கேட்பார். எனக்கு கமகம் போதவில்லை என்றுதான் முதலில் பட்டது. ஆனால் ஐந்து கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ராகத்தை அடுக்கும்போது கிடைப்பது, ஒற்றை வித்துவானிடம் கிடைக்காத வேறொரு சுகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

அந்த ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. ஜெஃப் ஸ்காட் எழுதிய ‘பேஷன் ஃபார் பாக் அண்ட் கோல்ட்ரேன்’ 2024-இல் கிராமியைக் கொண்டுவந்தது. அதில் ஒலிக்கும் கவிதைகள் ஓபோக்காரர் டோயினின் தந்தை ஏ.பி. ஸ்பெல்மன் எழுதியவை. தொடங்கிய ஐவரில் பெரும்பாலோர் வெவ்வேறு காலத்தில் விலகிவிட்டார்கள். 2021-இலிருந்து குழு பிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியனின் ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இவர்களுக்கு நிரந்தர இடம் உண்டு.

இதுவரை விண்ட் குவின்டெட்டே கேட்காதவர்கள் பார்பரின் ‘சம்மர் மியூசிக்’கில் தொடங்குங்கள், பன்னிரண்டு நிமிஷம்தான். பிறகு ‘உமோஜா’. அதன் பின் எஸ்மெயில். விஜய் ஐயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஹெட்ஃபோனோடு. அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம்: புல்லாங்குழலையும் ஹார்னையும் கழற்றிவிட்டு, சாக்ஸபோனையும் பாஸ் கிளாரினெட்டையும் சேர்த்துக்கொண்ட காலஃபாக்ஸ் குழு.

(தொடரும்)