பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கி: பேணுதலும் பழுதுபார்த்தலும்

காவிரிப் பாசனப் பகுதியில் டிராக்டர் புகாத ஊர் இன்று அரிது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவும் அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும்பொருட்டு டிராக்டர்களை வைத்திருக்கின்றன. இவற்றுள் இருபது, முப்பது ஆண்டு உழைத்தவையும் உண்டு. என்ஜின் நன்றாக ஓடும். கியர் சரியாக விழும். ஆனால் கலப்பையைத் தூக்கும் கைகள் மட்டும் எழும்பமாட்டா. "ஹைட்ராலிக் போய்விட்டது" என்று கூறி யந்திரத்தை மரத்தடியில் நிறுத்திவிடுவர். அவ்வாறு நிற்கும் யந்திரங்களை நாம் அருகில் சென்று பார்த்தால், அவற்றுள் பல முதுமையால் நின்றவை அல்ல, எண்ணெய் கெட்டதால் நின்றவை என்பது விளங்கும்.

இதனைச் சிறிய விஷயமென்று தள்ளிவிட முடியாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. எனினும் 2022-இல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் எப்போது வந்தாலும், வந்தபின் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சேற்றுழவு வேண்டும். அந்த வாரத்தில் சங்கத்தின் யந்திரம் பட்டறையில் கிடந்தால், வாடகை நஷ்டம் சங்கத்துக்கு. நாற்று முற்றிப்போகும் நஷ்டமோ அங்கத்தினருக்கு. ஆகவே பழுதுபார்க்கும் காலம் சித்திரை, வைகாசியே.

முதலில் இந்த யந்திரத்தின் தத்துவத்தைத் தெரிந்துகொள்ளுவோம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறைவின்றிப் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இத்தத்துவத்தைக் கொண்டு அழுத்து யந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இது அயலான செய்தியன்று. பஞ்சைப் பேல்களாக இறுக்கும் யந்திரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. குளிர் நாடுகளில் அடிமரக் கட்டையை ஆப்பின்மீது தள்ளிப் பிளக்கும் விறகு யந்திரம், நம் சாலைகளில் மண் கொட்டும் டிப்பர், டிராக்டரின் தூக்கி ஆகிய யாவற்றுக்கும் உறுப்புகள் ஒன்றே: எண்ணெய்த் தொட்டி, பம்ப், வால்வு, சிலிண்டர், பிஸ்டன். நான்கு அங்குலக் குறுக்களவுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 12½ சதுர அங்குலம். அதன்மேல் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், 25,000 பவுண்டு விசை, அதாவது 11 டன்னுக்கு மேல் கிடைக்கிறது. ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றவர் மற்றவற்றையும் பார்க்கலாம்.

டிராக்டரில் இதனைச் சிறப்பாக அமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அவருடைய முறை 1939-இல் போர்டு டிராக்டரில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்யலாயிற்று. இக்குடும்பத்துப் பழைய யந்திரங்களில் பம்ப் வெளியே இராது. பின்புறப் பெட்டியில், கியர்கள் ஓடும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும். இந்த அமைப்பின் நன்மை எளிமை. தீமை என்னவெனில், கியர் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளும், வெளியிலிருந்து புகும் தண்ணீரும் நேரே பம்பைச் சென்றடையும்.

நம் பகுதியின் தனிக் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. மேட்டு நிலத்தில் உழும் டிராக்டர் புழுதியோடு போராடுகிறது; நம்முடையதோ இரும்புச் சக்கரம் பூட்டிக்கொண்டு அச்சு முழுகச் சேற்றில் நிற்கிறது. அச்சின் ஆயில் சீல் தேய்ந்திருந்தாலும், கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலும், பி.டி.ஓ. மூடி காணாமற் போயிருந்தாலும் தண்ணீர் உட்புகும். மாலையில் பம்ப்செட் குழாயை நேரே பிடித்து யந்திரத்தைக் கழுவுவது இன்னொரு வழி. கழுவுவது நல்லதே, ஆனால் சீல் இருக்கும் இடங்களில் வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சலாகாது.

எண்ணெயே யந்திரத்தின் நோயைச் சொல்லிவிடும். காலையில், என்ஜினை ஓட்டுமுன், அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை மிகுந்திருந்தால் காற்றை இழுக்கிறது. பெரும்பாலும் அளவு குறைந்திருக்கும். கருகிய வாடை சூட்டைக் குறிக்கும். துணியில் தடவி வெயிலில் பிடித்தால் மினுமினுப்புத் தெரிவது உலோகத் துகள். அது தெரிந்தால் மட்டுமே பட்டறையை நினைக்கவேண்டும். தண்ணீர் சிறிது புகுந்ததா என்ற ஐயமிருந்தால், இரவு முழுவதும் அசையாமல் நின்ற யந்திரத்தின் அடித் திருகைக் காலையில் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்குமாதலால் அதுவே முதலில் வரும். மோர்போல் கலந்துவிட்ட எண்ணெயோ தெளியாது. அதனை முழுதும் இறக்கிவிட்டு, அளவாகப் புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதனையும் இறக்கியபின் நிரப்பவேண்டும். மண்ணெண்ணெய் விட்டு அலசுவோர் உண்டு. மூலைகளில் தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயை நீர்க்கச் செய்யுமாதலால் நாம் அதை ஆதரிப்பதில்லை.

கைகள் எழும்பவில்லையெனில் ஸ்பானரை எடுக்குமுன் சில சோதனைகள் செய்யவேண்டும். பழைய பெர்குசன் வகையில் பம்ப் பி.டி.ஓ. தண்டினால் ஓடுகிறது. அக்கம்பி விலகியிருந்தால் பம்ப் சுழலாது, தூக்கி எழும்பாது. புதிய டிரைவர் இதை அறியாமல் மெக்கானிக்கை அழைத்துவருவதும், மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிவிடுவதும் நடக்கின்றன! அடுத்து எண்ணெயின் அளவு. அதன்பின் உறிஞ்சும் வடிகட்டி. ஒரத்தநாடு பக்கத்தில் நாம் பார்த்த ஒரு யந்திரத்துக்கு இரண்டு முறை சிலிண்டர் சீல் மாற்றிச் செலவு செய்திருந்தார்கள், தூக்கி எழும்பவில்லை. மூன்றாம் முறை வடிகட்டியை எடுத்துப் பார்த்தபோது அதன் வலைமீது சேறும் பழைய எண்ணெய்ப் பசையும் அப்பமாய்ப் படிந்திருந்தன. ஒரு மணி நேர வேலை.

இவை யாவும் சரியாயிருந்தால் அழுத்தமானியை இணைத்துப் பார்க்கவேண்டும். யந்திரப் புத்தகத்தில் குறித்த அழுத்தம் வந்தும் கை எழும்பவில்லையென்றால் குற்றம் சிலிண்டரிலோ இணைப்புக் கம்பிகளிலோ இருக்கிறது. அழுத்தமே வரவில்லையென்றால் பம்ப் அல்லது பாதுகாப்பு வால்வைப் பார்க்கவேண்டும். தூக்கிய கலப்பை நிலையாய் நில்லாமல் விக்கல் எடுப்பதுபோல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால், எண்ணெய் உள்ளுக்குள் கசிகிறது. பிஸ்டன் வளையம், ஓ ரிங், வால்வு ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். அழுத்தமானி ஒன்று சங்கத்தில் இருப்பது நல்லது. மெக்கானிக்கின் ஊகத்துக்குக் கொடுக்கும் கூலியைவிட அதன் விலை அதிகமாகாது.

டிப்பர் டிரெய்லரிலும் விறகு யந்திரத்திலும் சிலிண்டர் வெளியே தெரிவதால் வேறொரு தொல்லை உண்டு. பிஸ்டன் தண்டின் குரோம் பூச்சில் துரு குத்திப் பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அது சீலை அரம்போல் அறுக்கும். அந்நிலையில் சீலை மட்டும் மாற்றுவது வீண். பத்து நாளில் மறுபடி கசியும். தண்டுக்குப் புதிதாக முலாம் பூசவேண்டும், அல்லது தண்டையே மாற்றவேண்டும். வேலை முடிந்ததும் தண்டை உள்ளே இழுத்து நிறுத்தினாலே துருப்பிடிப்பது மிகவும் குறையும். சீல் வாங்கப் பழைய சீலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கண்ணளவு உதவாது. அதன் உதடு அழுத்தம் வரும் பக்கத்தை நோக்கவேண்டும். எண்ணெயில் நனைத்துக் கையால் அமர்த்தவேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அப்போதே கிழியும். பிரேக் ஆயிலை அவசரத்துக்கு ஊற்றுவது பெருந்தவறு. கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் அதில் உப்பிக் கெடும்.

இன்னொன்று: உறுப்புகளைத் தறிக் கழிவு நூலால் துடைப்பது நம் ஊர்களில் வழக்கம். வெளிப்புறத்துக்கு அது சரி. உள் உறுப்புகளுக்குக் கூடாது. நூலிழை ஒன்று வால்வில் சிக்கினாலே அது மூடாது. பிசிறில்லாத பழைய வேட்டித் துணியே மேல்.

இனி அபாயம். இதனைச் சுருங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாத கீற்றாகப் பாயும். அது எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அக்கீற்று தோலைத் துளைத்து உள்ளே செல்லும். முள் குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகமிராது. சில மணி நேரத்தில் கை வீங்கிச் சதை அழுகத் தொடங்கும்; விரலை, சில வேளை கையையே இழக்க நேரிடும். ஆகவே கசிவைத் தேட அட்டைத் துண்டையோ பலகையையோ நீட்டவேண்டும். எண்ணெய் தோலில் புகுந்துவிட்டால் மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாள்வரை காத்திராமல், அறுவை வைத்தியம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே செல்லவேண்டும். "அழுத்தமுள்ள எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் புள்ளியைப் பார்த்து மருந்து தடவி அனுப்பிவிடக்கூடும்.

தூக்கிய சுமைக்கடியில் ஒருவரும் போகலாகாது. எண்ணெய் தாங்குகிறது என்று எண்ணவேண்டாம். ஒரு சீல் கிழிந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தை விட்டபின்பே எந்த இணைப்பையும் தளர்த்தவேண்டும். டிப்பர் பெட்டியைத் தூக்கியே பார்க்கவேண்டிய வேலையானால், சட்டத்தில் பொருந்தும் இரும்பு முட்டு கொடுக்கவேண்டும். தென்னங்கட்டையும் செங்கல் அடுக்கும் முட்டு ஆகா.

சங்கத்து யந்திரத்துக்கு மேலும் ஓர் ஏற்பாடு வேண்டும். எல்லோருக்கும் சொந்தமானதை ஒருவரும் கவனிப்பதில்லை என்பது நாம் காணும் உண்மை. டிரைவர் மாறுகிறார், எண்ணெய் எப்போது மாற்றினோம் என்பது மறந்துபோகிறது. ஓடிய மணி, ஊற்றிய எண்ணெயின் இனம், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தை யந்திரத்தோடு வைத்து, வாடகை ரசீது போடும் குமாஸ்தாவே அதனைப் பார்த்துக் கையெழுத்திடும்படி செய்யலாம்.

இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டவேண்டாம். சிறிதளவே நீரின்மேல் ஏடாகப் பரவி வயலுக்குள் போய்ச் சேரும். மூடியுள்ள தகரத்தில் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெயைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடலாம். தண்ணீர் கலந்ததைத் தனித் தகரத்தில் வைப்பது நலம்.