கண்ணாடி மணிக்குக் கொடுக்கும் விலை எதற்கு?



கடந்த ரமலானில் நமது அறக்கட்டளை வாசலில் போட்டிருந்த மேசையை ஜமாஅத்தார் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் மகளிர் பிரிவுச் சகோதரிகள் கோத்த 33 மணித் தஸ்பீஹ்கள் அதில் இருந்தன. விலை 350 ரூபாய். எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான்: "தர்கா வாசலில் 40 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது?" மேசையில் இருந்த சகோதரிக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கும் சரியாகத் தெரியாது. பாதிக்கு மேல் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. விவரம் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னது எங்கள் பிழை. கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த மணிகள் உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸ் மாவட்டத்தில் உள்ள புர்தில்நகர் என்ற சிற்றூரிலிருந்து வந்தவை. வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கண்ணாடி மணி செய்வதுதான் அங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு.

செய்முறை இதுதான். ஒரு கையில் பென்சில் கனமுள்ள கண்ணாடிக் கம்பி. மறு கையில் களிமண் போன்ற பூச்சுத் தடவிய மெல்லிய இரும்புக் கம்பி. பர்னர் சுடரில் கண்ணாடி உருகித் தேன் பதத்துக்கு வரும்போது அதை இரும்புக் கம்பியில் சுற்ற வேண்டும். கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தால்தான் மணி உருண்டையாகும். சற்று நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். பூ, கோடு, புள்ளி வேண்டுமானால் வேறு நிறக் கண்ணாடியை மெல்லிய இழையாக்கி மேலே தொட்டு வைக்கிறார்கள். அந்த நிறமும் சாயம் பூசியது அல்ல. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு அல்லது இரும்பு, ஊதாவுக்கு மாங்கனீசு என்று கண்ணாடியை உருக்கும்போதே கலந்தது. அதனால் எத்தனை வருடம் விரலில் உருண்டாலும் நிறம் போகாது.

மணி உருவானதும் வேலை முடிந்துவிடாது. உடனே வெளியே எடுத்து வைத்தால் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகும், உள்ளே சூடு நிற்கும். அந்த இழுபறியில் மணி அப்போதே வெடிக்கலாம். ஒரு மாதம் கழித்து உங்கள் கையிலும் விரியலாம். ஆகவே சாம்பலில் புதைத்தோ சூளையில் வைத்தோ மெதுவாக ஆறவிடுகிறார்கள். சூளையானால் 500 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சற்று நேரம் நிறுத்திப் பின்பு படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிறகு கம்பியை உருவி, துளையில் ஒட்டிய பூச்சைச் சுரண்டிக் கழுவுவார்கள். ஒரு மணியைச் சுற்ற 3 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 33 மணிகளுக்கு 99 நிமிடம். உடைந்தவை, கழித்துப் போட்டவை கணக்கில் இல்லை. நெருப்புக்கு எதிரே உட்கார்ந்த நேரம் அது. தஸ்பீஹை விரலால் எண்ணுவதே சிறப்பு என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. இங்கே பேச்சு மணி செய்பவரின் கூலியைப் பற்றியது.

வாங்கும்போது என்ன பார்ப்பது? கண்ணாடி தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், கையில் எடை தெரியும். பிளாஸ்டிக் அப்படி இராது. அடுத்து அச்சு. அச்சில் அழுத்திய மணிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும், பலவற்றில் இரு பாதியும் சேர்ந்த கோடு விரலுக்குத் தட்டுப்படும். கையால் சுற்றியவை ஒன்றுக்கொன்று இம்மி அளவு வேறுபடும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் நுண்குமிழ்களும் வரிகளும் துளையைச் சுற்றி வளையமாக ஓடுவது தெரியும். குமிழ் குறையல்ல, கீறல்தான் குறை. கடைசியாகத் துளையின் விளிம்பு. நன்றாகச் செய்த மணியில் அது உள்நோக்கி வழுவழுப்பாக மடிந்திருக்கும். கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். மெதுவாக ஆறவிட்டதா என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

வரிகள் துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடினால் அது போலி என்று தள்ளிவிடாதீர்கள். கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்யும் இன்னொரு முறை அது. இந்த முறைக்கு நம் கடற்கரையிலேயே பழைய ஊர் ஒன்று உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடுதான் அது. அவ்வகைச் சிறுமணிகள் தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைத்திருக்கின்றன. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தக் கைவேலை நம் காலம் வரை வந்தது.

அச்சு மணியும் ஹலாலான சரக்குதான். அதை அச்சு மணி என்றே சொல்லி 40 ரூபாய்க்கு விற்பவர் மேல் குற்றமில்லை. கைவேலை என்று சொல்லி 300 ரூபாய்க்கு விற்பதுதான் மோசடி. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஈரத்தை மறைத்ததற்காக வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. பேரம் பேசுவதும் ஆகுமானதே. ஆனால் கடைக்காரர் குறைக்கும் தொகை பல நேரம் அவர் லாபத்திலிருந்து போவதில்லை. அடுத்த முறை பட்டறைக்காரரிடம் பிடித்துக்கொள்கிறார். ஒரு மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அதை வேறு யாரிடம் பிடிப்பார்?

இன்னொன்று. நீலக் கண் வரைந்த மணி இருக்கிறதா, பிள்ளைக்குக் கண்ணேறு படாமல் கட்ட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அந்த நம்பிக்கைக்கு மார்க்கத்தில் இடமில்லை. அதை நாங்கள் வாங்கி வைக்கவும் இல்லை.

மீதமுள்ள தஸ்பீஹ்கள் இன்ஷா அல்லாஹ் வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அதே மேசையில் இருக்கும். பக்கத்தில் 40 ரூபாய்த் தஸ்பீஹ் ஒன்றும், உடைந்த கைமணிகள் சிலவும், ஒரு பூதக்கண்ணாடியும் வைக்கிறோம். வாங்காவிட்டாலும் பார்த்துப் போகலாம். நூல் அறுந்த பழைய தஸ்பீஹ் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். சகோதரிகள் மறுபடி கோத்துத் தருவார்கள். கூலி 30 ரூபாய்.