60 நாள் கணக்கு

வாகரையிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாழைச்சேனை தாண்டி, 60 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் இருக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும், வீட்டில் உலை ஏறாது. மார்பில் கட்டி தட்டுப்பட்ட ஒரு பெண் இதையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு, வெட்கத்தையும் விட்டு, வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லிவிட்டாள் என்றால் தன் பங்கை அவள் முடித்துவிட்டாள். ஆனால் விழிப்புணர்வுக் கூட்டங்களில் "பெண்கள் பிந்தித்தான் வருகிறார்கள்" என்ற பேச்சே அதிகம் கேட்கிறது. அவள் வந்து சொன்ன பிறகு ஏற்படும் தாமதத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

"பால் கட்டியிருக்கு புள்ள"

பாலூட்டும் தாயின் மார்பில் கட்டி என்றால் பெரும்பாலும் அது பால் கட்டியதாகவோ கிருமித்தொற்றாகவோதான் இருக்கும். அப்படி நினைத்து மருந்து கொடுப்பது பிழையில்லை. மருந்து முடிந்தும் சிவப்பும் வீக்கமும் வற்றாதபோது, அதே மருந்தை மறுபடி எழுதி அனுப்புவதுதான் பிழை. அழற்சிவகை மார்பகப் புற்றுநோய் இதே தோற்றத்தோடுதான் வரும். தோல் தோடம்பழத் தோல்போலத் தடித்துக் குழிவிழும். அந்த இடத்தில் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

நோவு இல்லாத கட்டிக்குப் பயப்படத் தேவையில்லை என்று ஊரில் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவதில்லை. "இந்த வயதில் வராது" என்ற பேச்சும் அப்படித்தான். முப்பதுகளில் இருப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

மமோகிராம் "நோர்மல்" என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு பொறி. இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள்: கையால் தொட்டுப் பார்ப்பது, மமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசியால் திசு எடுப்பது. மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். கைக்குத் தட்டுப்படும் கட்டிக்குப் படம் மட்டும் பதிலாகாது. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயந்து மறுப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

தாமதம் என்றால் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: பெண் முதன்முதலில் வைத்தியரிடம் சொன்ன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று முடிவாக வேண்டும். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 87 ஆய்வுகளைத் தொகுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதியை ஆராய்ந்தது. முதல் அறிகுறியிலிருந்து சிகிச்சை தொடங்க மூன்று மாதமோ அதற்கு மேலோ பிந்தியவர்களில், ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோரின் வீதம் மற்றவர்களைவிட 12 புள்ளி குறைவாக இருந்தது.

வாகரை போன்ற இடத்தில் 60 நாள் எப்படிக் கரைகிறது? கிளினிக் திகதி ஒரு மாதம் தள்ளி. ஸ்கேனுக்கு இன்னொரு திகதி. திசு முடிவு வந்திருக்கும், வந்ததென்று சொல்ல ஆளிருக்காது. "ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் ஒன்றுமில்லை" என்று அவள் மீன் காயப்போடப் போய்விடுவாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கட்டி வளர்ந்திருக்கும்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

பிந்திய நோயறிதல் எல்லாமே கவனயீனம் ஆகாது. அதே நிலையில் இருக்கும் நிதானமான ஒரு வைத்தியர் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டாரா என்றே சட்டம் பார்க்கிறது. இலங்கையில் இதற்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது பேராசிரியர் பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு. மூளைத்தண்டில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு நோய் சரியாக இனங்காணப்படவில்லை. குழந்தை 1992இல் இறந்தது. தகப்பன் அர்சகுலரத்ன, வைத்தியரான பேராசிரியர்மீது வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம், நோயறிதலில் கவனயீனம் இருந்ததை ஏற்றுக்கொண்டும், அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை நீக்கியது.

பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அது எவ்வளவு கொடுமையான விடை! ஆனால் மார்பகப் புற்றுநோயின் கதை வேறு. முதற்கட்டத்தில் பிடித்தால் குணமாகக்கூடிய நோய் இது; ஆகவே இழந்த மாதங்களுக்கு இங்கே கணக்குக் காட்ட இடமுண்டு. அதற்குத் தாளும் திகதியும் வேண்டும். இத்தகைய வழக்கைத் தொடர இரண்டு ஆண்டுகளே அவகாசம் என்பதையும் பலர் காலம் கடந்த பின்னரே அறிகிறார்கள். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை இலங்கை மருத்துவ சபைக்கு அனுப்பலாம்.

கொப்பியும் துண்டும்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நாட்டில் இயங்குகிறது. 35 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அங்கே இலவசம். எப்போது, எங்கே என்று உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். கட்டி, முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், இரத்தக் கசிவு, கமக்கட்டில் கழலை என எது இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். கட்டியைப் பற்றி வைத்தியரிடம் முதன்முதலில் சொன்ன திகதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகளோ பேரப்பிள்ளையோ எழுதட்டும். தந்த துண்டுகளை எறியாமல் அதற்குள்ளேயே வையுங்கள். "கட்டி கரையாவிட்டால் எத்தனையாம் திகதி வரவேண்டும், ஐயா? ஊசி போட்டுப் பார்க்கத் தேவையில்லையா? முடிவு வந்தால் யார் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். பதிலையும் அதிலேயே எழுதி, 60ஆவது நாள் எந்தக் கிழமையில் விழுகிறதென்று கலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.